வெள்ளச்சியின் பாலும் செய்னம்பு வீட்டுக் கதவும்

முனைப்பட்டணத்தில் மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூன்று பேருமே நல்லவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும்.

மூத்தவர் சேகனா, தெருவுக்கே காக்கா, அதாவது அண்ணன். அடுத்தவன் நெய்னா. கடைக்குட்டி உதுமான், அவனுக்கே முப்பது வயது. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை ஜமாஅத்துப் பெரியவர்கள் சேகனாவிடம், "தெற்கூரில் ஒரு பொண்ணு இருக்கு, போய்ப் பார்த்துட்டு வா" என்றார்கள். போனார், பார்த்தார், வந்துவிட்டார். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் செய்யவில்லை.

அவர்களுக்கு ஒரு வெள்ளாடு. பெயர் வெள்ளச்சி. ஒருநாள் அது காயப்போட்டிருந்த மீன்வலையில் பாதியைத் தின்றுவிட்டு வயிறு உப்பிக் கிடந்தது. சினை வேறு. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கையேந்தினார்கள்.

"யா அல்லா, வெள்ளச்சி பிழைச்சு எழுந்தா அவ பாலை நாப்பது நாளைக்குத் தானமா, சதக்காவாக் கொடுத்துடறோம்" என்றார் சேகனா.

வெள்ளச்சி எழுந்தாள். வலையும் வந்தது, எப்படி வந்தது என்பதை விட்டுவிடுவோம். பத்தாம் நாள் ஒரு குட்டியும் வந்தது. காலையில் ஒரு செம்புப் பால் கறந்தாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் அந்தத் தெருவில் ஒரு செம்புப் பால் தேவைப்பட்டது.

தெருக் கடைசி வீட்டில் செய்னம்பு இருந்தாள். அவள் புருஷன் மொகுதூம் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போயிருந்தான். கையில் ஐந்து மாதப் பெண்பிள்ளை, மைமூன். செய்னம்புக்கு விஷக்காய்ச்சல் வந்து போனதில் தாய்ப்பால் வற்றிவிட்டது. டவுனுக்குப் போனால் பால்பொடி டின் வாங்கலாம். ஆனால் போன வார மழையில் பாலம் உடைந்து பஸ் நின்றுவிட்டது. தெருவில் வேறு கறவை கிடையாது. பிள்ளை கஞ்சித் தண்ணியைக் குடித்துவிட்டு, 'இதுவா?' என்பது போல அம்மா முகத்தைப் பார்த்தது.

திங்கட்கிழமை காலை செய்னம்பு பிள்ளையை இடுப்பிலும் செம்பைக் கையிலும் வைத்துக்கொண்டு சகோதரர்கள் வாசலில் வந்து நின்றாள்.

"சேகனாக் காக்கா, சதக்காப் பால் கொடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். பிள்ளைக்குப் பால் இல்ல காக்கா."

"உனக்கு இல்லாததா தங்கச்சி!" என்றார் சேகனா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "உனக்கு நிச்சயமா உண்டு. யாருக்கு முதல்ல கொடுக்கணும், யாருக்கு அப்புறம் கொடுக்கணும்னு மார்க்கத்துல ஒரு வரிசை இருக்காம். அதை மட்டும் கேட்டுட்டு வந்துடறோம். செம்பை வெச்சுட்டுப் போ."

மூவரும் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். தொழுகை நடத்தும் அபூசாலி லெப்பை சைக்கிளில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தெற்கூர்ப் பக்கம் ஒரு நிக்காஹ், மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள்.

"லெப்பைசா, சதக்காவை முதல்ல யாருக்குக் கொடுக்கணும்?"

"முதல்ல உன்கிட்டயிருந்து ஆரம்பி" என்றார் லெப்பை. "அதுக்கப்புறம் உன் வீட்டு ஆளுங்க. அப்புறம் சொந்தபந்தம். அப்புறம் அண்டை அயல். அதுலயும் எந்த வாசல் கிட்டவோ அந்த வாசல். கொடுக்கும்போது விளம்பரம் வேணாம், வலது கை கொடுக்கறது இடது கைக்குத் தெரியக்கூடாது. இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அது என்னன்னா..."

திரும்பிப் பார்த்தால் மூவரையும் காணோம். இவ்வளவையும் மறப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று ஓடிவிட்டார்கள். லெப்பை தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். அந்த நிக்காஹ், வலீமா விருந்து, மறுவீடு, பிறகு அடுத்தடுத்த ஊர் நிக்காஹ் என்று அவர் திரும்பி வரப் பல வாரம் ஆகும்.

முதலில் உன்கிட்டயிருந்து. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பாலைக் காய்ச்சி ஆற்றி மூன்று தம்ளரில் ஊற்றினார்கள். இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதால் ஆளுக்கொரு கோணிப்பையில் இடது கையை நுழைத்துக் கட்டிக்கொண்டார்கள். உதுமான் தன் கோணியில் ஓட்டை இருப்பதைப் பார்த்து அதைத் திருப்பிக் கட்டினான்.

சேகனா தம்ளரை வலது கையில் எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தனக்கே சொன்னார்.

"வ அலைக்கும் சலாம்" என்று தானே பதில் சொன்னார்.

"இந்தாங்க, சதக்கா."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க? என்னைவிட இல்லாதப்பட்டவங்க இருப்பாங்க, அவங்களுக்குக் கொடுங்க."

"இல்ல இல்ல, நீங்க வாங்கிக்கணும். உங்ககிட்டயிருந்துதான் ஆரம்பிக்கணுமாம்."

"அப்படியா? சரி, மறுக்கக் கூடாது."

ஆனால் எந்தக் கையில் வாங்குவது? வலது கை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இடது கை கோணிக்குள் இருக்கிறது. மூவரும் யோசித்தார்கள். கடைசியில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான்கு எட்டு தள்ளிப் போய், வேறு ஆளாகத் திரும்பி வந்து அதே வலது கையால் எடுத்துக் குடித்தார்.

நெய்னாவுக்கு ரோஷம் அதிகம். தனக்குத் தானே நீட்டிய தம்ளரை அவன் வாங்கவே இல்லை. "நான் யார்கிட்டயும் கை நீட்டினவன் இல்ல" என்றான். "உன்னைக் கேவலமா நினைச்சா கொடுக்கறேன்?" என்று திருப்பிக் கேட்டான். வார்த்தை தடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவனை அண்ணனும் தம்பியும் சமாதானம் செய்து, அவனுக்கும் அவனுக்கும் கை கொடுக்க வைப்பதற்குள் மத்தியான லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

செம்பு காலியாகத் திரும்பிப் போனது.

"கவலைப்படாதே தங்கச்சி" என்றான் உதுமான். "வரிசை நல்லா நகருது."

செவ்வாய்க்கிழமை, வீட்டு ஆட்கள்.

"வீட்டுல யார் யார் இருக்கோம்?" என்று கேட்டார் சேகனா.

"நீங்க, நான், தம்பி" என்றான் நெய்னா. "நாம நேத்தே வாங்கியாச்சு. ரெண்டு தடவை வாங்கினா ஆசைன்னு ஆகிடும்."

"வேற யாரு?"

"வெள்ளச்சி. அவ குட்டி."

மூவரும் கொட்டகையைப் பார்த்தார்கள். உதுமான் மெல்லக் கேட்டான்: "காக்கா, பால் யாரோடது?"

"நம்மது."

"நாமளா கறந்தோம்?"

"கறந்தது நாமதான்."

"சுரந்தது?"

சேகனா வெகுநேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய தப்புப் பண்ண இருந்தோம். அவ பொருளை நாம தானம் பண்ணப் பார்த்தோம். கொடுக்க வேண்டியவ அவ. அவளுக்குத்தான் வரிசை."

"அவளுக்கு ரத்த சொந்தம்னா குட்டி ஒண்ணுதான்" என்றான் நெய்னா.

கறந்த பாலைத் தம்ளரில் வைத்துக் குட்டியிடம் நீட்டினார்கள். குட்டி தம்ளரை முட்டித் தள்ளியது. பாதி கொட்டியது. மீதியை வாய் வைக்காமல் முகர்ந்துவிட்டு நேராகத் தாயிடம் போய், கறக்காமல் மிச்சம் இருந்ததையும் குடித்துத் தீர்த்தது. குடிக்கும்போது உதுமான் அதன் சார்பில் பிஸ்மில்லா சொன்னான்.

"என்ன அடக்கம் பாருங்க" என்றார் சேகனா. "நடுவுல ஆள் இல்லாம, நேராக் கொடுத்து நேரா வாங்கிக்கிச்சு. நாம கோணி கட்டிக்கிட்டு நின்னோம்."

அன்று சாயங்காலம் செய்னம்பு வந்து கெஞ்சினாள். "காக்கா, நானே வந்து ரெண்டு பீச்சு கறந்துக்கறேனே."

"கேட்காமக் கறந்தா திருட்டு ஆகிடும்மா."

"இப்பக் கேட்கத்தானே செய்யறேன்!"

"கேட்டுக் கறந்தா சதக்கா. சதக்கான்னா வரிசையில வரணும்."

"அப்ப விலைக்காவது கொடுங்க. காதுல தோடு இருக்கு."

"அல்லா! சதக்காப் பாலை விக்கிறதா?" மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளை எப்படிப்பட்ட பாவத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற பெருமை மூன்று முகத்திலும் தெரிந்தது.

புதன்கிழமை, சொந்தபந்தம். அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு தாய்மாமன், கலந்தர் மாமா. தெற்கூரில், கடற்கரை மணலில் நடந்தால் இரண்டு மணி நேரம். பால் தூக்குச்சட்டியை நெய்னா தூக்கிக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்தது.

மாமா வீட்டு வாசலில் நின்று சேகனா சலாம் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார். இல்லை. மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு, "மூணு சலாமுக்குப் பதில் வரலைன்னா திரும்பிடணும், அதுதான் முறை" என்றார். அது முறைதான். அதிலும் அவர்கள் தப்பே செய்யவில்லை. திரும்பினார்கள்.

பாதி வழியில் எதிரே கலந்தர் மாமா வந்துகொண்டிருந்தார்.

"டேய், உங்களைப் பார்க்கத்தான் தோப்பு வழியா உங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். எங்கடா போயிருந்தீங்க?"

"உங்களுக்குப் பால் கொடுக்க வந்தோம் மாமா. நீங்க வீட்ல இல்ல. அதான் திருப்பிக் கொண்டு போறோம்."

"இதோ நிக்கறேனே, கொடுங்கடா."

"அது எப்படி மாமா?" என்றான் நெய்னா. "வீட்ல இல்லாத ஆளுக்குக் கொடுக்க முடியுமா?"

மாமா இந்தப் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பார்ப்பவர். பேசாமல் தூக்குச்சட்டியைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"இது மோருடா."

"புறப்படும்போது பாலாத்தான் இருந்தது" என்றான் உதுமான். "உங்க மேல இருந்த மரியாதையில மாறிடுச்சு போல."

வீட்டுக்கு வரும்போது பொழுது சாயவில்லை. தெருக் கடைசியில் மைமூன் அழுதுகொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் அழுகை தெருமுனை வரை கேட்டது. செவ்வாய்க்கிழமை பாதித் தெரு வரை. இன்று அந்த வீட்டு வாசலில் நின்றால்தான் கேட்டது.

உதுமான் நின்று கேட்டான். "பிள்ளை சத்தம் கம்மியாயிடுச்சே காக்கா. பழகிடுச்சு போல."

உள்ளே இருந்து செய்னம்பு இதைக் கேட்டாள். பாலாடைக் கிண்ணத்தில் இருந்த சீனித் தண்ணியைப் பிள்ளை வாயில் விட்டுவிட்டு, அது விழுங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை, அண்டை அயல்.

"இன்னைக்கு எப்படியும் தங்கச்சிக்கு வந்துடும்" என்றார் சேகனா. கயிறு ஒன்றை எடுத்து வாசலில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். மறுநுனியை உதுமான் இழுத்துக்கொண்டு போனான். இடது பக்கத்து வீடு அசனா மரைக்காயருடையது. கயிறு போட்டால் நாலு முழம். எதிர்வீடு ஒன்பது முழம். செய்னம்பு வீட்டுக்குக் கயிறு போதவே இல்லை. வேட்டியை அவிழ்த்து முடிச்சுப் போடலாம் என்று நெய்னா சொன்னான், மற்ற இருவரும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மரைக்காயர் வீட்டுக் கதவில் தேங்காய் அளவு பூட்டு. மகள் பிரசவத்துக்காகக் குடும்பமே வெளியூர் போயிருந்தது. வர ஒரு மாதம் ஆகும். மூன்று முறை பூட்டுக்குச் சலாம் சொன்னார்கள்.

"இல்ல" என்றார் சேகனா. "அப்ப காத்திருக்க வேண்டியதுதான்."

"ஒரு மாசமா?"

"கிட்ட இருக்கற வாசலைத் தாண்டிப் போனா அது அவரை மதிக்காத மாதிரி."

மூவரும் செம்பின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஆள் பெருமூச்சு விட்டார்கள். அவர்களுக்கு மட்டும் மனசு கல்லா? பிள்ளைக்குக் கொடுக்கத்தான் துடித்தார்கள். வாசல் தூரத்தில் இருக்கிறதே, என்ன செய்வது?

அப்போது உதுமானுக்கு அது தோன்றியது.

"காக்கா, தூரமா இருக்கறது செய்னம்புத் தங்கச்சியா, அவ கதவா?"

"கதவுதான்."

"கதவை நகர்த்தலாமே."

சேகனா எழுந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெற்ற வாப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்கவில்லையே என்று அழுதார்.

செய்னம்பு வீட்டுக் கதவு பழைய குடுமிக் கதவு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால் நிலையிலிருந்து கழன்று கையோடு வந்துவிடும். செய்னம்பு கொல்லையில் கிணற்றடியில் பிள்ளைத்துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வாளி இறைப்பதற்குள் கதவு தெருவில் போய்க்கொண்டிருந்தது. தங்கள் வாசலை ஒட்டிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கயிறு போட்டார்கள். அரை முழம்.

"மரைக்காயர் நாலு முழம். தங்கச்சி அரை முழம்" என்றார் சேகனா. "அல்ஹம்துலில்லாஹ். ஊர்லேயே இவதான் நமக்குக் கிட்ட."

பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்த கதவின் முன் முறையாக நின்று தட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி."

பதில் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நெய்னா கதவில் காதை வைத்துப் பார்த்தான். "உள்ள சத்தமே இல்ல."

மூன்றாவது சலாமையும் சொன்னார். பதில் இல்லை. செம்போடு திரும்பி உட்கார்ந்தார். முகம் வாடிவிட்டது.

"நாலு நாளா பால் பால்னு கேட்டா. கொடுக்கப் போற நேரம் பார்த்து வீட்ல இல்ல. இந்தக் காலத்துப் பொண்ணுங்களே இப்படித்தான்."

அப்போது தெருவில் செய்னம்பு ஓடி வந்தாள். முந்தானை தலையிலிருந்து நழுவ, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"யாரு என் கதவைத் தூக்கினது? தனியா இருக்கறவ வீடுன்னு தெரியாது? நான் என்ன..."

கதவைப் பார்த்தாள். கதவின் முன்னால் சேகனாவைப் பார்த்தாள். அவர் கையில் ஆவி பறக்கும் செம்பைப் பார்த்தாள்.

திட்டுவதற்கு வாயில் வந்த சொற்கள் நிறைய இருந்தன. நான் அவளாக இருந்திருந்தால் அவ்வளவையும் சொல்லியிருப்பேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருக்களித்து, சுவருக்கும் சாய்த்த கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்தாள்.

"வ அலைக்கும் சலாம்" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "யாரது?"

மூன்று முகமும் மலர்ந்தன. "நாங்கதான் தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரங்க! வெளிய போயிருந்தியா?"

"ஆமா காக்கா. இப்பத்தான் வந்தேன்."

"சதக்காப் பால் கொண்டு வந்திருக்கோம். ஏத்துக்கணும்."

"அல்லா உங்களுக்கு பரக்கத் செய்வான். சீக்கிரம் கொடுங்க."

இடுக்கில் ஒரு கை நீண்டது. செம்பு உள்ளே போனது. மூவரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். மடியிலிருந்து பாலாடையை எடுக்கும் சத்தம், அம்மா ஊதி ஊதி ஆற்றும் சத்தம். பிறகு ஒரு சின்ன வாய் சப்புக்கொட்டும் சத்தம். அது நிற்கவே இல்லை. நெய்னா கோணிப்பையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிள்ளை ஏப்பம் விட்டதும் செய்னம்பு இடுக்கிலிருந்து வெளியே வந்தாள்.

"இப்பக் கதவைக் கொண்டு போய் மாட்டுங்க."

"மாட்டினா நாளைக்கு நீ தூரமாயிடுவியே தங்கச்சி!"

"இருட்டறதுக்குள்ள என் வீட்டுக்குக் கதவு வேணும் காக்கா." அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நாய் வரும். பாம்பு வரும். யாராவது வருவாங்க. அந்த வீட்ல நானும் இந்தப் பிள்ளையும் மட்டும்தான்."

கைப்பிள்ளைக்காரிக்குக் கதவு என்பது பாதிப் புருஷன் மாதிரி. இது அந்த மூவருக்கும் எப்படியோ புரிந்தது. ஓரமாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் கதவு இங்கே இருந்தாக வேண்டும். அவள் வீட்டிலும் கதவு இருந்தாக வேண்டும்.

"எங்க கதவை எடுத்துக்கோ" என்றார் சேகனா.

தேக்குக் கதவு. உள்ளே கை மொத்தத்துக்குத் தாழ்ப்பாள். தெருவில் எல்லா நிலையும் ஒரே ஆசாரி அடித்தது என்பதால் கச்சிதமாகப் பொருந்தியது. செய்னம்பு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு மூச்சை முழுசாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அந்த இடுக்குக்குப் புறப்படுவதற்குள் வாசலில் மூவரும் நின்றிருந்தார்கள். கையில் செம்பு. முகத்தில் துக்கம்.

"தங்கச்சி" என்று கதவுக்கு வெளியே இருந்து சேகனா சொன்னார், "உன் வாசல்ல போய் மூணு சலாம் சொன்னோம். நீ இல்ல. பாலைத் திருப்பிக் கொண்டு போறோம்னு சொல்லிட்டுப் போக வந்தோம்."

தாழ்ப்பாளைத் திறக்காமலே உள்ளிருந்து செய்னம்பு கேட்டாள்: "காக்கா, நீங்க இப்ப யார் கதவு முன்னால நிக்கறீங்க?"

மூவரும் கதவைத் தடவிப் பார்த்தார்கள். கீழ்மூலையில் வெள்ளச்சி கடித்த இடம் கூட இருந்தது.

"எங்க கதவு."

"உங்க கதவுக்கு உள்ள இருக்கறவங்க உங்களுக்கு யாரு?"

"வீட்டு ஆளுங்க."

"நான் எங்க இருக்கேன்?"

நெய்னாவின் வாய் திறந்தபடி நின்றது.

"உள்ள" என்றான் உதுமான், மிக மெதுவாக.

"அப்ப லெப்பைசா சொன்ன வரிசையில நான் எத்தனையாவது?"

"ரெண்டாவது!"

"முதலாவது யாரு?"

"நாங்க."

"நீங்க வாங்கியாச்சா?"

"திங்கக்கிழமையே வாங்கியாச்சு."

"அப்ப?"

சேகனா தலையில் கை வைத்துக்கொண்டார். "சொந்த வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டுட்டு நாலு நாளா ஊர் சுத்தியிருக்கோமே! இந்தா தங்கச்சி, பிடி, பிடி!"

அதற்குப் பிறகு ஒருநாள் கூடத் தவறவில்லை. வெயிலோ மழையோ, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக வந்துவிடுவார்கள். பிள்ளை குண்டுக் கத்திரிக்காயாக ஆனது. அழுகை மறுபடி பாதித் தெருவுக்குக் கேட்டது, பிறகு தெருமுனைக்கு, பிறகு பள்ளிவாசலுக்கு. யாரும் குறை சொல்லவில்லை.

அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நெய்னாவுக்கு யோசிக்கும் பழக்கம் உண்டு.

"காக்கா" என்றான் ஒருநாள் திரும்பி வரும்போது. "நம்ம வீடு அது. அப்ப நாம தூங்கற வீடு யாருது?"

சேகனா நடுத்தெருவில் நின்றுவிட்டார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

மூவரும் மெல்லப் போய், கதவில்லாத அந்த வாசலில் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூன்று பாய் சுருட்டி வைத்திருந்தது. மூன்று தட்டு. ஒரு பானை.

"யாரோ மூணு பேர் குடியிருக்காங்க" என்றான் உதுமான்.

"நல்ல மனுஷங்க" என்றார் சேகனா. "இத்தனை நாளா நாம வந்து படுக்கறோம், ஒரு வார்த்தை சொல்லலையே. நம்ம ஆட்டைக் கூடக் கட்டிக்க விட்டிருக்காங்க."

"வாசலுக்குக் கதவு போட வசதியில்லாதவங்க போல."

அன்றிலிருந்து மத்தியானம் சோறு ஆக்கியதும், அதை அப்படியே சட்டியோடு தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து, அந்த வாசலில் நின்று மூன்று சலாம் சொல்வார்கள். பதில் வராது. வாசற்படியில் வலது கையால் வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் தோப்புக்குப் போய்விடுவார்கள். சாயங்கால அஸர் தொழுதுவிட்டுப் பசியோடு திரும்பினால், படியில் சோறு.

"மாஷா அல்லா!" என்பார் சேகனா. "யாரோ சதக்கா வெச்சுட்டுப் போயிருக்காங்க. பேர் கூடச் சொல்லாம!"

"இடது கைக்குத் தெரியாமக் கொடுக்கறதுன்னா இதுதான் காக்கா."

மூவரும் வயிறாரச் சாப்பிட்டு, கொடுத்தவருக்காகக் கையேந்தி துஆ செய்வார்கள்.

நாற்பதாம் நாளுக்கு மூன்று நாள் முன்பு அபூசாலி லெப்பை சைக்கிளில் ஊர் திரும்பினார். தெருக்கோடியில் செய்னம்பு மடியில் மைமூனைப் பார்த்தார், பால் வந்த கதையைக் கேட்டார், நேராகச் சகோதரர்களிடம் வந்து மூவரையும் தட்டிக்கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, பசிச்ச பிள்ளைக்கு வரிசையே கிடையாதுன்னு அன்னைக்குச் சொல்ல வந்தேன், ஓடிட்டீங்க. சொல்லாமலே அதைச் செஞ்சிருக்கீங்களே!"

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சோம் லெப்பைசா" என்றார் சேகனா, கொஞ்சம் குழம்பி. "ஒரு உதவி வேணும். எங்களுக்கு ஒருத்தர் தினமும் மறைவா சோறு வெக்கறார். அவர் யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சு நன்றி சொல்லலாம்."

"அதுக்கென்ன?" என்றார் லெப்பை. "சோறு வெக்கற நேரத்துல வாசல்லயே உட்கார்ந்து பாருங்க. தெரிஞ்சுடும்."

மறுநாள் மூவரும் காலையிலிருந்தே வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அடுப்பு மூட்டப் போனால் அந்த மனிதர் வந்துவிட்டுப் போய்விடுவாரே என்று யாரும் எழவில்லை. லுஹர் ஆனது. அஸர் ஆனது. சோறும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

"நாம பார்க்கறோம்னு தெரிஞ்சுக்கிட்டார்" என்றான் நெய்னா. "என்ன கூச்சம் அந்த மனுஷனுக்கு!"

"ஒருவேளை அவர் வீட்லயே இன்னைக்குச் சோறு ஆக்கலையோ என்னவோ" என்றார் சேகனா, தன் காலி வயிற்றைத் தடவிக்கொண்டே. "பாவம், பட்டினியா இருப்பாரோ? நாளைக்கு அவருக்கு நாம கொண்டு போய்க் கொடுக்கணும்."

"அவர் வாசல் எவ்வளவு தூரம் காக்கா?" என்று கேட்டான் உதுமான்.

சேகனா எழுந்து போய்க் கயிற்றை எடுத்து வந்தார்.